உப்புக் காற்றில் ஒரு சிஎன்சி: சிறு மில்லிங் இயந்திரத்தை மாற்றியமைக்கும் முறை

மேசை மேல் வைத்து ஓட்டும் சிறு மில்லிங் இயந்திரத்தைக் கணினிக் கட்டுப்பாட்டுக்கு (சிஎன்சி) மாற்ற விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டாரையும் மின்பலகையையும் முதலில் வாங்கிவிடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவன்று. முதலில் வாங்க வேண்டியது, நுண்ணிய நகர்வையும் முள்ளால் காட்டும் ஒரு நல்ல டயல் கேஜ். இயந்திரத்தின் இரும்பில் ஆட்டம் இருந்தால் எந்தக் கணினியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அதிலும் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் நம் இராமநாதபுரம் மாவட்டக் கரையில், இன்று சரியாக இருக்கும் இரும்பு அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்த வேண்டி வந்ததற்கு அரிப்பே காரணம் என்பதை இங்குள்ள எவருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

கைப்பிடியைச் சுழற்றி மில்லிங் செய்யத் தெரிந்தவர்களுக்கும், சிஎன்சி பக்கம் இதுவரை வராதவர்களுக்கும் இந்தக் கட்டுரை பயன்படும். லேத் பட்டறை நடத்துகிறவருக்கும், வீட்டுக் கொட்டகையில் பொழுதுபோக்காக இயந்திரம் வைத்திருக்கிறவருக்கும் வேலை ஒன்றுதான். மாற்றி முடித்த சிறு இயந்திரத்தால் விசைப்படகின் கடல்நீர்ப் பம்பு மூடி, பேரிங் கூடு, அலுமினியத் தாங்கிகள், துளை வரிசை தவறாத பிளேட்டுகள் ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப ஒரே அளவில் செய்யலாம். புரொப்பல்லர் ஷாஃப்ட் போன்ற கனமான எஃகு வேலையை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

முதலில் அளவெடுத்தல்

டயல் கேஜைத் தலைப்பகுதியில் பொருத்தி, அதன் முனையை டேபிளின் பக்கவாட்டில் தொட வையுங்கள். கைப்பிடியை ஒரு திசையில் சுழற்றி, முள் நகரத் தொடங்கியதும் நிறுத்தி, கைப்பிடியின் அளவு வளையத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது எதிர்த்திசையில் மெல்லச் சுழற்றினால், முள் அசையாமலேயே கைப்பிடி சிறிது தூரம் போகும். அந்தத் தூரமே பேக்லாஷ் எனப்படும் ஆட்டம். சாதாரணத் திருகு உள்ள சிறு இயந்திரங்களில் இது 0.2 மி.மீ., 0.3 மி.மீ. என்று இருப்பது இயல்பு. கையால் வெட்டும்போது நாம் எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்து இதைச் சமாளித்துவிடுகிறோம். கணினி ஒரு வட்டத்தை வெட்டும்போதோ ஒவ்வொரு கால் வட்டத்திலும் ஏதேனும் ஓர் அச்சு திசை மாறுவதால், அந்த நான்கு இடங்களிலும் படி விழும்.

அடுத்து, கேஜின் முனையை நகர்வுக்குக் குறுக்கான திசைக்கு மாற்றி, கைப்பிடியைத் தொடாமல் டேபிளை அந்தத் திசையில் கையால் தள்ளிப் பாருங்கள். முள் ஆடினால், டேபிள் நகரும் பள்ளத்தில் இடைவெளியை அடைக்கும் கிப் பட்டை தளர்ந்திருக்கிறது என்று பொருள். கிப் திருகுகளை, டேபிள் முழு நீளத்துக்கும் ஒரே இறுக்கத்தில் நகரும்வரை சரிசெய்ய வேண்டும். நடுவில் தளர்ந்தும் ஓரங்களில் இறுகியும் இருந்தால் பள்ளம் நடுவில் தேய்ந்திருக்கிறது. அந்த இயந்திரத்தில் பணம் போடுவதற்கு முன் ஒரு முறை யோசிப்பது நல்லது. பல பெயர்களில் விற்கப்படும் சீனத் தயாரிப்பான எக்ஸ்2 வகையின் பழைய இயந்திரங்களில், தலையைத் தாங்கும் செங்குத்துத் தூண் முழுவதும் அடியில் ஒற்றைப் பெரிய நட்டை நம்பியே நிற்கிறது. அத்தகைய தூணின் பின்புறம் ஒரு கனமான பிளேட்டைப் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை

மோட்டார் தாங்கிகள், பேரிங் இருக்கைகள், நட் பிடிப்பான்கள் ஆகிய அனைத்தையும் இயந்திரம் கையால் ஓடும் நிலையில் இருக்கும்போதே, அதே இயந்திரத்தில் வெட்டி முடித்துவிடுங்கள். பழைய திருகைக் கழற்றிவிட்டால், மில்லிங் இயந்திரத்தைச் சேர்ப்பதற்கு இன்னொரு மில்லிங் இயந்திரத்தைத் தேடி அலைய நேரும். 12 மி.மீ. கனமுள்ள அலுமினியப் பிளேட் இந்த வேலைகளுக்குப் போதும்.

பழைய திருகுக்கு மாற்றாகப் பெரும்பாலும் 1605 என்னும் பால் ஸ்க்ரூவே (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு) போடப்படுகிறது. அதன் விட்டம் 16 மி.மீ.; ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும். மலிவு விலையில் கிடைப்பவை சி7 என்னும் துல்லியத் தரத்தைச் சேர்ந்தவை. அவற்றில் 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வரை பிழை இருக்கலாம். நம் வேலைக்கு இது போதும். திருகின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டிருப்பதால் அதன் முனைகளைச் சாதாரண டூலால் லேத்தில் கடைவது எளிதன்று. ஆகவே பிகே12, பிஎஃப்12 என்னும் பேரிங் தாங்கிகளுக்கு ஏற்பக் கடைந்த முனைகளோடு ஆர்டர் கொடுப்பதே மேல். நட்டின் உடல் 28 மி.மீ., அதன் காதுப்பகுதி 48 மி.மீ. என்பதைக் குறித்துக்கொண்டு, சேடிலுக்கு (டேபிளைத் தாங்கி முன்பின் நகரும் பகுதி) அடியில் அந்த இடம் உண்டா என்று வெர்னியரால் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் முன்பின் நகரும் அச்சில் இடம் போதாது. சேடிலின் அடியைக் குடைய வேண்டி வந்தால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் பெரிய மில்லிங் வைத்திருக்கும் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும்.

நட்டைத் திருகிலிருந்து வெறுமனே கழற்றாதீர்கள். உள்ளிருக்கும் குண்டுகள் அனைத்தும் தரையில் உருண்டுவிடும். திருகின் அடிவிட்டத்துக்குச் சமமான ஒரு குழாயை முனையோடு சேர்த்துப் பிடித்து, நட்டை அதன் மேல் ஏற்றிவைக்க வேண்டும்.

பொருத்தும்போது மோட்டார் பக்கத் தாங்கி திருகை இறுக்கிப் பிடிக்க வேண்டும்; மறுமுனைத் தாங்கி, வெப்பத்தில் திருகு நீள்வதற்கு இடம் விட்டுத் தளர்வாக நிற்க வேண்டும். நட்டின் பிடிப்பானை முதலில் லேசாக இறுக்கி, டேபிளை மோட்டார் பக்கக் கோடிக்கு நகர்த்தி அங்கே இறுக்கி, பிறகு மறுகோடிக்கு நகர்த்திக் கையால் சுழற்றிப் பாருங்கள். எங்கும் ஒரே எளிமையோடு சுழல வேண்டும். ஓரிடத்தில் கனத்தால் திருகும் பள்ளமும் இணையாக இல்லை. மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யாமல் மேலே போனால் நட் சீக்கிரம் கெடும். மோட்டாரையும் திருகையும் இணைக்க, நடுவில் ரப்பர் நட்சத்திரம் வைத்த கப்ளிங் போதுமானது.

மேல்கீழ் அச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய திருகு, தலையின் எடையைத் தானே தாங்கி நிற்கும். பால் ஸ்க்ரூ அப்படியில்லை. மின்சாரம் போன கணத்தில் கனமான தலை திருகைச் சுழற்றிக்கொண்டு கீழே இறங்கி, வேலைப்பொருளையும் டூலையும் ஒருசேரக் கெடுத்துவிடும். இதற்கு மூன்று வழிகள் உண்டு: பிரேக் உள்ள மோட்டார் வாங்குவது, தலையின் எடைக்கு ஏற்ற கேஸ் ஸ்பிரிங் வைப்பது, அல்லது இந்த அச்சில் மட்டும் பழைய திருகையே விட்டுவைப்பது. புதியவர்களுக்கு நான் மூன்றாவதையே சொல்வேன். இந்த அச்சில் தலையின் எடை எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதால் ஆட்டம் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. மின்சாரம் அடிக்கடி போய் வரும் இடத்தில் தலை விழாமல் நிற்பதே பெரிய ஆறுதல்.

உப்பும் ஈரமும்

வெளியூர் வழிகாட்டிகளில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்தப் பகுதி, நமக்கு ஓர் அத்தியாயமாகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கார்த்திகை மழையில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் போல, டேபிளின் மேல் படிந்த உப்புத்துகளும் கசிந்து இரும்பின் மேல் உப்புநீர்ப் படலமாக நிற்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு அதைவிட வெகு குறைவான, ஏறக்குறைய 33 விழுக்காட்டு ஈரத்திலேயே நீரை இழுக்கும். ஆதலால் வெயில் காலத்திலும் நம் கரையில் இரும்பு முழுமையாக உலர்வதில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களின் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதில் வியப்பில்லை.

இயந்திரத்தை எந்தச் சுவர் ஓரம் வைப்பது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்க வேண்டும். தொண்டி, தேவிபட்டினம் போன்ற பாக் நீரிணைப் பக்க ஊர்களில் ஐப்பசி முதல் வீசும் வாடைக்காற்று கடலிலிருந்து நேராக ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற மன்னார் வளைகுடாப் பக்க ஊர்களில் வைகாசி, ஆனி மாதங்களில் வீசும் கச்சான் காற்று உப்போடு நுண்மணலையும் சேர்த்துத் தள்ளும். மணல்தான் பால் ஸ்க்ரூவுக்கு முதல் எதிரி. எனவே கொட்டகையின் கதவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்மூலையில், தடுப்புக்குப் பின்னால் இயந்திரத்தை வையுங்கள். திருகுகளுக்கும் பள்ளங்களுக்கும் மடிப்புத் திரை அவசியம்; கடையில் வாங்குவது கட்டுப்படியாகாவிட்டால், வேன் சீட்டு தைக்கிறவரிடம் ரெக்சினில் மடிப்பு வைத்துத் தைத்துத் தரச் சொல்லலாம். அவர்கள் இதை நன்றாகவே செய்கிறார்கள்.

இயந்திரத்தின் மேல் ஒரு மரப்பெட்டியோ கனத்த உறையோ போட்டு, உள்ளே சிறிதளவு வெப்பம் இருக்கும்படி செய்வது மிகவும் பயன் தரும். கணக்கு இதுதான்: 30 டிகிரி வெப்பத்தில் 85 விழுக்காடு ஈரமுள்ள காற்றை, நீரைச் சேர்க்காமல் 35 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 64 விழுக்காடாக இறங்கிவிடும். அதாவது சாதாரண உப்பு கசியும் எல்லைக்குக் கீழே வந்துவிடும். இதற்குப் பழைய குண்டு பல்பு ஒன்று போதும். ரெக்சினையோ மரத்தையோ அது தொடாதபடி கம்பிக் கூட்டுக்குள் வைக்க வேண்டும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, பள்ளங்களுக்கு 68 எண் கொண்ட வே ஆயில் போடுங்கள். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைப் பூசும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதில் அமிலமும் கரித்தூளும் கலந்திருப்பதால், காக்க வேண்டியதையே அது அரிக்கும். வெட்டும்போது ஊற்றும் கூலன்ட் எண்ணெயை ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கவே கூடாது. நம் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பெரும்பகுதி உவர்ப்பானது. அதில் கலந்தால் கூலன்ட் பால்போல் கலக்காமல் திரிந்து பிரியும், டேபிளிலும் துரு பிடிக்கும். காவிரிக் குடிநீரோ ஆர்.ஓ. நீரோதான் வேண்டும். கூலன்ட் இல்லாமலே அலுமினியத்தையும் வெண்கலத்தையும் வெட்ட முடியுமென்பதால், புதியவர்கள் அந்தத் தொல்லையைத் தள்ளிப்போடலாம்.

படகிலிருந்து கழற்றிய எந்தப் பொருளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காமல் டேபிளில் ஏற்றாதீர்கள். வைஸின் அடியில் சிக்கிய உப்புநீர் ஒரே இரவில் டேபிளில் வைஸின் வடிவத்தையே வரைந்துவிடும்.

மோட்டாரும் டிரைவரும்

இடவல, முன்பின் அச்சுகளுக்கு நெமா 23 என்னும் முகப்பு அளவுள்ள, 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையுள்ள ஸ்டெப்பர் மோட்டார்கள் போதும். மேல்கீழ் அச்சுக்குத் தலையின் எடையைப் பார்த்து நெமா 34 தேவைப்படலாம். இந்த மோட்டார்கள் ஓர் அடிக்கு (ஸ்டெப்) 1.8 டிகிரி சுழல்வதால் ஒரு சுற்றுக்கு 200 அடிகள். மோட்டாரை அடி அடியாக ஓட்டும் மின்பலகையான டிரைவரில் ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பகுத்தால் 1600. திருகு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வதால் ஒரு மி.மீ.க்கு 320 அடிகள். இந்த 320 என்ற எண்ணைப் பிறகு கட்டுப்பாட்டு மென்பொருளில் கொடுக்க வேண்டும். மேல்கீழ் அச்சில் பழைய திருகை விட்டிருந்தால் அதன் புரியிடை அளவைக் கொண்டு அதற்குத் தனியாக இதே கணக்கைப் போடுங்கள்.

மின்னழுத்தத்துக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. மோட்டாரின் இண்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் உச்சபட்ச வோல்ட் கிடைக்கும். 2.25 மில்லிஹென்றி என்றால் வர்க்கமூலம் 1.5, பெருக்கினால் 48 வோல்ட். ஆனால் பரவலாகக் கிடைக்கும் டிஎம்542 டிரைவரின் எல்லை 50 வோல்ட். மோட்டார் வேகம் குறையும்போது அதிலிருந்தே மின்சாரம் திரும்பி வந்து அழுத்தத்தை ஏற்றுவதால், அந்த டிரைவருக்கு 36 வோல்ட் சப்ளையே பாதுகாப்பானது. அதிகபட்ச வேகத்தில் கொஞ்சம் குறையும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. மின்சாரம் ஓடும்போது மோட்டார் வயரைப் பிடுங்கினால் டிரைவர் பெரும்பாலும் அங்கேயே போய்விடும்.

மின்பெட்டி

துளைகளும் விசிறியும் உள்ள திறந்த பெட்டி இங்கே ஆகாது. ரப்பர் ஓரம் வைத்து மூடும் பெட்டியை, தேவைக்கு ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கி, டிரைவர்களைப் பின்புற இரும்புத் தகட்டோடு ஒட்டிப் பொருத்தினால் வெப்பம் தகட்டின் வழியாக வெளியேறும். வயர்கள் கீழ்ப்புறத்திலிருந்தே நுழைய வேண்டும். சாதாரணச் செம்புக்கம்பி நம் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப் பச்சை பூக்கும்; படகு வயரிங்குக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய கம்பி சற்று விலை கூடினாலும் அதையே போடுங்கள். சிக்னல் வயர்களுக்கு ஷீல்டு உள்ள கேபிள் வேண்டும். ஷீல்டைப் பெட்டியின் பக்கம் மட்டும் எர்த் செய்து, மறுமுனையை விட்டுவிட வேண்டும். கடலோர மண் ஈரமானது என்பதால் எர்த் நன்றாகவே கிடைக்கும், ஆனால் புதைத்த ஜிஐ பைப்பை அதே மண் தின்றுவிடும். ஆண்டுக்கொரு முறை எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள்.

பக்கத்தில் ஐஸ் கம்பெனி இருந்தால் அதன் கம்ப்ரசர் கிளம்பும் நேரத்தில் வோல்டேஜ் சரியும். ஸ்டெப்பர் மோட்டார் தான் எங்கே நிற்கிறது என்று திருப்பிச் சொல்வதில்லை. ஒரு கணம் வலு குறைந்து அடி தவறினாலும் கணினி அதை அறியாமல் வேலையைத் தொடரும். கணினியை மட்டும் யுபிஎஸ்ஸில் வைப்பது இந்த விஷயத்தில் ஆபத்தானது. மோட்டார்கள் செத்திருக்க, கணினி மட்டும் வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கும். எனவே மோட்டார் சப்ளையை ஒரு காண்டாக்டர் (மின்காந்தச் சுவிட்ச்) வழியாகக் கொடுத்து, மின்சாரம் ஒரு முறை போனால் திரும்ப வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை அது எழாதபடி வயரிங் செய்து, அந்தக் காண்டாக்டரின் உபரிக் காண்டாக்டைக் கட்டுப்பாட்டுப் பலகையின் நிறுத்தும் உள்ளீட்டோடு இணையுங்கள். அவசரநிலைச் சிவப்புப் பொத்தானும் இதே காண்டாக்டரை விடுவித்து, ஸ்பிண்டில் உட்பட எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை அறுக்க வேண்டும். அச்சின் கோடியில் இயந்திரத்தை நிறுத்தும் லிமிட் சுவிட்சுகளை இயல்பில் மூடிய வகையாகவே போடுங்கள். அப்போதுதான் வயர் அரித்து அறுந்தால் இயந்திரம் நின்று தன் குறையைச் சொல்லும்.

கட்டுப்பாடு

மலிவான தொடக்கம் ஆர்டுவினோ என்னும் சிறு மின்பலகையும் அதில் ஏற்றும் ஜிஆர்பிஎல் மென்பொருளும். மூன்று அச்சுகளுக்கு அது போதும். ஆனால் ஆட்டத்தை ஈடுகட்டும் வசதியும், துளையிடும் தயார்ச் சுழற்சிகளும் அதில் இல்லை. அவை வேண்டுமென்றால் பழைய மேசைக்கணினி ஒன்றில் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளைப் போடலாம். இலவசமானது, கற்றுக்கொள்ளச் சற்று நாளாகும். பால் ஸ்க்ரூ போட்டவருக்கு முதலாவதே போதும்.

ஜிஆர்பிஎல்லில் $100, $101 ஆகிய அமைப்பு எண்களில் 320 என்றும், $102-இல் மேல்கீழ் அச்சின் எண்ணையும் கொடுங்கள். $110 முதல் $112 வரை வேக எல்லைகள். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 1000 மி.மீ. போதும். $22 இருப்பிடம் தேடும் வசதியையும், $20 மென்பொருள் எல்லையையும் இயக்கும். பிறகு டயல் கேஜை வைத்து 10 மி.மீ. நகரச் சொல்லிச் சோதியுங்கள். சிறு வேறுபாடு இருந்தால் உடனே எண்ணை மாற்றாதீர்கள். பெரும்பாலும் கேஜ் சாய்ந்திருக்கும். கிடைக்கும் நீளம் முழுவதற்கும் அளந்து, அங்கும் அதே விகிதத்தில் பிழை தெரிந்தால் மட்டும் திருத்துங்கள். முன்னும் பின்னும் வந்து நிற்கும்போது மிஞ்சும் ஆட்டத்தைக் குறித்து, தேதியோடு பெட்டியின் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். வாடைக் காலம் முடிந்ததும் மறுபடி அளந்தால் நட் தேய்ந்ததா, பேரிங் தளர்ந்ததா என்று தேட அந்த எண் உதவும்.

முதல் வேலை

பம்பு மூடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் உரசி உரசி மூடியின் உட்புறம் வட்டப் பள்ளம் விழுந்திருக்கும். தேய்மானத்தைச் சீவி எடுத்தாலும், புதிய பிளேட்டில் ஆறு துளையோடு செய்தாலும் இது நல்ல பயிற்சி. எதிரெதிர்த் துளைகளின் மையத் தூரம் 70 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஆரம் 35. நடுவைப் பூச்சியமாகக் கொண்டால் முதல் துளை 35, 0 என்ற இடத்திலும், அடுத்தது 17.5, 30.311 என்ற இடத்திலும், மூன்றாவது −17.5, 30.311 என்ற இடத்திலும் வரும். மற்ற மூன்றும் இவற்றின் எதிர்க்குறிகள். இதை ஃப்ரீகேட் போன்ற இலவச மென்பொருளே கணக்கிட்டு நிரலாக்கித் தரும் என்றாலும், முதல் நிரலைக் கையால் எழுதிப் பார்ப்பவருக்கு, பின்னால் மென்பொருள் தவறாக எழுதினால் கண்ணில் படும்.

நிரலை முதலில் டூல் 10 மி.மீ. உயரத்தில் காற்றில் ஓடும்படி நடத்துங்கள். அடுத்து ஒரு பலகையில், பிறகு அலுமினியத்தில். சிறு இயந்திரத்தின் ஸ்பிண்டில் 2500 சுற்று என்றால், இரு பல் கொண்ட 6 மி.மீ. கார்பைடு எண்ட் மில்லுக்கு ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ. வீதம் நிமிடத்துக்கு 150 மி.மீ. ஃபீட் வரும். ஆழம் அரை மி.மீ.யில் தொடங்கி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஏற்றலாம். பிளேட்டின் அடியில் பலகை வைக்காமல் துளையிட்டால் டேபிளில் வடு விழும். கண்ணாடி அணியாமல் அருகே நிற்க வேண்டாம். கையுறை அணிந்துகொண்டு சுழலும் டூலின் அருகே போகவும் வேண்டாம்.

வெண்கல மூடியைச் சீவும்போது டூல் கூர்மையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 0.1 மி.மீ.க்கு மேல் இறங்க வேண்டாம். பள்ளம் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். மூடி மெலிந்தால் போல்ட் இறுக்கும்போது வளையும். முடிந்த முகத்தை, தட்டையான தடித்த கண்ணாடி மேல் 400 எண் எமரித்தாளை விரித்து எட்டு வடிவில் தேய்த்துப் பாருங்கள். முகம் முழுவதும் ஒரே நிறத்தில் மங்கினால் பேக்கிங் வைத்துப் பம்பில் பூட்டலாம். சில இடங்களில் மட்டும் பளபளப்பு மிஞ்சினால் தலைப்பகுதி டேபிளுக்குச் செங்குத்தாக இல்லை. ஸ்பிண்டிலில் டயல் கேஜை மாட்டி டேபிளின் மேல் ஒரு முழுச்சுற்று சுற்றி, தலையைச் சரிசெய்த பிறகு அந்த மூடியை மறுபடி ஏற்றுங்கள்.